சிரியசும் அதன் துணைமீனும்: ஒரு வரலாற்று நோக்கு

மார்கழி மழை ஓய்ந்து தைப்பனி இறங்கும் நாள்களில், முன்னிரவு எட்டு மணியளவில் கிழக்கு வானை நோக்குவார்க்கு, ஒரே நேர்கோட்டில் நெருங்கி நிற்கும் மூன்று மீன்கள் எளிதிற் புலப்படும். அவற்றுக்கு வடபால் செந்நிறத்துடன் ஒளிர்வது ஆதிரை. அம்மூன்று மீன்களையும் இணைக்கும் கோட்டைக் கீழ்நோக்கித் தென்கிழக்காக நீட்டிச் சென்றால், நீட்டிய கையில் ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில், வெண்ணீல நிறத்தில் விட்டுவிட்டுச் சுடரும் ஒரு விண்மீனைக் காணலாம். கோள்களை விலக்கிவிட்டால் இரவு வானில் அதனிலும் ஒளிமிக்க விண்மீன் வேறில்லை. மேனாட்டார் அதனைச் சிரியஸ் என்பர். வடமொழியாளர் அதனை மான்வேட்டையாடும் வேடனாகக் கண்டு மிருகவியாதன் என்றும் லுப்தகன் என்றும் பெயரிட்டனர். மாசி நடுவில் இரவு ஒன்பது மணிக்கு அது நம் நாட்டினர்க்குத் தென்வானில் அறுபது பாகைக்கு மேல் உயர்ந்து நிற்கும்.

கண்டுகொள்வது எளிது. விளங்கிக்கொள்வதற்கோ மனிதகுலத்துக்கு நாலாயிரம் ஆண்டுகள் போதவில்லை எனலாம். இம்மீனின் வரலாறு கூறும் நூல்கள் பெரும்பாலும் அதனை ஒரு வெற்றிப் பவனியாகவே காட்டுகின்றன: ஒருவர் ஊகித்தார், மற்றொருவர் கண்டார், பிறிதொருவர் அளந்தார், அனைத்தும் பொருந்தின என்று. மூலச் செய்திகளைச் சற்று நெருங்கி நோக்கின் அத்துணை ஒழுங்கு அங்கில்லை. பிழையான அளவீடு ஒன்றும் பிழையான கணிப்பு ஒன்றும் தம்முள் அழகாகப் பொருந்தி, ஏறத்தாழ அரைநூற்றாண்டுக் காலம் பாடநூல்களில் மெய்யென வீற்றிருந்த கதையும் இதிலுண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் முதன்மை நோக்கம். எனினும் தொடக்கத்திலிருந்தே வருவோம்.

எகிப்தியர் இம்மீனைச் சொப்தெற் என்னும் பெண் தெய்வமாக வழிபட்டனர். ஆண்டுதோறும் ஏறத்தாழ எழுபது நாள்கள் அது ஞாயிற்றின் ஒளியில் மறைந்திருக்கும். பின்னர் ஒரு நாள், வைகறையில், ஞாயிறு எழுமுன் கிழக்குத் தொடுவானில் ஒரு கணம் தோன்றி மறையும். யூலை நடுப்பகுதியை அடுத்து நிகழ்ந்த இத்தோற்றம் நைல் நதி பெருக்கெடுக்கும் பருவத்தோடு ஒத்து வந்தமையால், அதனையே ஆண்டுப் பிறப்பின் அடையாளமாகக் கொண்டனர். ஆயின் அரச காரியங்களுக்கு அவர்கள் பயன்படுத்திய ஆண்டு சரியாக 365 நாள்களைக் கொண்டது. கால் நாள் குறைவு. ஆதலின் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நாட்காட்டி விண்மீனை விட்டு நழுவிற்று. 1460 ஆண்டுகள் கழிந்தே இரண்டும் மீண்டும் ஒன்றுகூடும். கி.மு. 238இல் மூன்றாம் தொலமி காலத்துக் கனோப்பஸ் ஆணை, நான்கு ஆண்டுக்கு ஒரு நாளைக் கூட்டி இந்நழுவலை நிறுத்த முயன்றது. மக்களோ குருமாரோ அதனைப் பின்பற்றினாரல்லர். கி.பி. 139இல் விண்மீன் எழுச்சியும் ஆண்டின் முதனாளும் ஒன்றியதை உரோமானியராகிய சென்சோரினஸ் குறித்து வைத்துள்ளார்.

நாட்காட்டியின் இக்குறைபாடே பிற்கால வரலாற்றாசிரியருக்கு வரமாயிற்று என்பது வியப்பிற்குரியது. விண்மீன் எழுந்த நாள் அரச நாட்காட்டியில் எந்நாள் என்று ஓர் ஆவணம் கூறுமாயின், அவ்வாவணத்தின் ஆண்டைப் பின்னோக்கிக் கணித்துவிடலாம். இல்லாகூனிற் கிடைத்த பப்பிரசு ஏடொன்றிலுள்ள அத்தகைய குறிப்பை மூன்றாம் செனுஸ்ரெற் மன்னனின் ஏழாம் ஆட்சியாண்டுக்குரியதெனப் பொதுவாகக் கொள்வர். எகிப்திய இடைக்கால அரசின் காலக்கணிப்பு பெரிதும் அதனையே சார்ந்து நின்றது. இங்கு ஒரு சிக்கல் உண்டு. தெற்கே ஒரு பாகை செல்லச் செல்ல விண்மீன் ஏறத்தாழ ஒரு நாள் முந்தித் தோன்றும். ஒரு நாள் வேறுபாடு காலக்கணிப்பில் நான்கு ஆண்டு வேறுபாடாகும். அவதானித்தவன் வடக்கே மெம்பிசில் நின்றானா, தெற்கே எலிபன்ரைனில் நின்றானா என்பது தெரியாதவிடத்து, இருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஐயம் எஞ்சுகிறது. வானியல் வழங்கும் காலக்கணிப்பு வழுவற்றது என்று நம்பும் வரலாற்று மாணவர் இதனை மனங்கொள்வது நன்று.

மேனாட்டுப் பெயராகிய சிரியஸ் என்பது சுடுவது, எரிவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. வேட்டைக்காரன் ஒறையனின் நாயாகவும் கிரேக்கர் அதனைக் கருதினர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி தமது விண்மீன் பட்டியலில் அதனைச் செந்நிறம் சார்ந்த மீன்களோடு சேர்த்துள்ளார். உரோமானிய அறிஞர் செனேக்காவோ அது செவ்வாயினும் சிவந்தது என்கிறார். இன்று அதனை எவரும் சிவப்பென்னார். நிறம் மாறிற்றா? ஆம் என்று வாதிட்டோர் உளர். ஆயின் தொலமிக்கு முன்பே சீன வரலாற்றாசிரியர் சுமா சியன் வெண்மைக்கு எடுத்துக்காட்டாக இம்மீனையே கூறியிருத்தலும், பத்தாம் நூற்றாண்டு அராபிய வானியலாளர் அல்-சூபி செம்மீன்களுள் இதனைச் சேர்க்காமையும் அக்கருத்துக்கு எதிரானவை. மேலைப் புலவர் கண்டது பெரும்பாலும் தொடுவானை ஒட்டிய வைகறைக் காட்சி. வளியின் தடிப்பினூடே எந்த ஒளியும் சிவந்து தோன்றும். அதனுடன் நாய்நாள்களின் வெப்பம், நோய், வறட்சி என்னும் சமய நம்பிக்கைகளும் கலந்து கண்ணுக்கு நிறமூட்டியிருக்கலாம் என்பதே என் கருத்து. வேறொரு விளக்கத்துக்குப் பின்னர் வருவோம்.

விண்மீன்கள் தத்தம் இடத்தில் நிலைபேறுடையன என்னும் பழங்கொள்கை தகர்ந்ததிலும் சிரியசுக்குப் பங்குண்டு. எட்மண்ட் ஹலி 1718இல் தொலமியின் பட்டியலைத் தம் காலத்து அளவீடுகளுடன் ஒப்பிட்டபோது, சிரியஸ், ரோகிணி, சுவாதி ஆகிய மூன்றும் அரைப் பாகைக்கு மேல் இடம்பெயர்ந்திருக்கக் கண்டார். பழையோர் அளவிற் பிழைவிட்டனர் என்று தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் ஒளிமிக்க மீன்களையே அவர்கள் மிகக் கவனமாக அளந்திருப்பர் என்பதை உணர்ந்த ஹலி, மீன்களே நகர்ந்தன என்று துணிந்தார். சிரியஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.3 விகலை நகர்கிறது. பதினெட்டு நூற்றாண்டுகளில் அது முழுமதியின் அகலத்தையும் விஞ்சிவிடும்.

இந்நகர்வு நேரானதாயிருந்திருப்பின் கதை இவ்வளவில் முடிந்திருக்கும். கோனிக்ஸ்பேர்க் நகரில் அவதான நிலையத்தை நடத்திய பிரீட்றிக் பெசல், 1755ஆம் ஆண்டளவில் பிராட்லி செய்த அளவீடுகள் முதலாகத் தம் காலம்வரை கிடைத்த அனைத்தையும் ஒருங்குதிரட்டி ஆராய்ந்தவர். 1838இல் விண்மீன் ஒன்றின் தொலைவை முதன்முதலாக நம்பத்தக்க வகையில் அளந்தவரும் அவரே. சிரியசின் பாதை நேர்கோடன்று, அலையாக வளைந்து செல்கிறது என்பதை அவர் கண்டார். அவ்வலையின் அகலம் சில விகலைகளே; ஒரு ரூபா நாணயத்தை ஒரு கிலோமீற்றர் தொலைவில் வைத்து நோக்கினால் அது எத்துணைச் சிறிதாய்த் தோன்றுமோ, அத்துணை. அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைப் பலர், பல கருவிகளால், பல பத்தாண்டுகளில் எடுத்த அளவுகளிலிருந்து பிரித்தெடுத்தது எண்ணிப் பார்த்தற்குரிய உழைப்பு. கருவியின் வழுவா, ஒளிவிலகலின் திருத்தம் பிழைத்ததா என்று ஒவ்வோர் ஐயத்தையும் களைந்த பின்னரே 1844இல் அவர் தம் முடிவை வெளியிட்டார்: சிரியசையும் புரோசியனையும் கண்ணுக்குப் புலனாகாத் துணைப்பொருள் ஒவ்வொன்று தன் ஈர்ப்பினால் அலைக்கழிக்கிறது, அதன் சுற்றுக்காலம் ஏறத்தாழ அரைநூற்றாண்டு.

புலனாகாப் பொருளை ஏற்பது அந்நாளில் எளிதன்று. ஒளிர்தல் என்பது திணிவுடன் கட்டாயம் சேர்ந்து வரவேண்டிய பண்பு அன்று என்பது பெசலின் வாதம். எண்ணற்ற மீன்கள் ஒளிர்கின்றன என்பதனால், ஒளிராத மீன்கள் இல்லை என்றாகிவிடுமோ? 1846இல் அவர் இறந்தார். ஐந்தாண்டுகளின் பின் பீற்றர்ஸ் என்பார் அத்துணையின் பாதையைக் கணித்து, சுற்றுக்காலம் 50 ஆண்டு எனக் காட்டினார். நூலிற் கணக்காகவும் வானில் வெறுமையாகவும் அத்துணை மேலும் ஒரு பத்தாண்டுக் காலம் இருந்தது.

அதனைக் கண்டவர் கணிதர் அல்லர். வில்லை தேய்க்கும் தொழிலாளி. அமெரிக்காவில் மசசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ்போட்டில் அல்வன் கிளாக்கும் மைந்தரும் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துக்கென 18½ அங்குல வில்லை ஒன்றைச் செய்துகொண்டிருந்தனர். அக்காலத்தில் உலகிலேயே பெரிய வில்லை அதுவே. 1862 ஜனவரி 31ஆம் நாள் இரவு, இளைய மகன் அல்வன் கிரஹம் கிளாக் அதனைச் சோதிக்கும்பொருட்டுச் சிரியசை நோக்கினார். ஒளிமிக்க மீனை நோக்கினால் வில்லையின் குறைபாடு விளங்கும் என்பது அத்தொழிலின் வழக்கம். பேரொளியின் அருகே ஒரு சிறு புள்ளி தெரிந்தது. வில்லையின் குறையென அவர் முதலில் ஐயுற்றிருந்தாலும் தவறில்லை; ஆனால் அது பெசல் சொன்ன துணையே. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டிருந்தமையால் வில்லை தெற்கே மிசிசிப்பிக்குச் செல்லவில்லை. சிக்காகோ நகருக்குச் சென்றது.

இவ்விடத்து ஒரு சிறு விலகல். ஆபிரிக்காவின் மாலி நாட்டு டோகோன் மக்கள் இத்துணைமீனைத் தொன்றுதொட்டு அறிந்திருந்தனர் என்றும், வேற்றுலகினர் வந்து அவர்க்குக் கற்பித்தனர் என்றும் 1976இல் றொபேட் ரெம்பிள் எழுதிய நூல் பெரும்புகழ் பெற்றது. அதற்கு ஆதாரம் பிரெஞ்சு மானிடவியலாளர் கிறியோலும் டியற்றர்லெனும் 1950இல் வெளியிட்ட கட்டுரை. பிற்காலத்தில் அதே மக்களிடையே நெடுங்காலம் ஆய்வு நடத்திய வான் பேக், 1991இல், அத்தகைய மரபறிவு எதனையும் தாம் அங்குக் காணவில்லை என எழுதினார். துணைமீனின் செய்தி ஐரோப்பாவில் பரவலாகப் பேசப்பட்ட பின்னரே கிறியோல் அங்குச் சென்றார் என்பதும் நினைவுகூரத்தக்கது. இதற்கு மேல் இக்கதைக்கு இடந்தர வேண்டியதில்லை.

துணைமீன் சிரியசினும் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு ஒளிகுன்றியது. திணிவிலோ நம் ஞாயிற்றுக்கு நிகரானது. இதில் முரண்பாடு எதனையும் தொடக்கத்தில் எவரும் காணவில்லை. குளிர்ந்து அவியும் மீன் போலும் என்று அமைந்தனர். 1915இல் மவுண்ட் வில்சன் அவதான நிலையத்தில் வால்ட்டர் அடம்ஸ் அதன் நிறமாலையைப் பதிவுசெய்த பின்னரே இடர்ப்பாடு எழுந்தது. அது சிவந்து குளிர்ந்த மீனன்று, வெண்மையானது, வெப்பமானது. வெப்பமான பொருளின் ஒவ்வொரு சதுர அடியும் மிகுந்த ஒளியை உமிழும். அவ்வாறிருந்தும் மொத்த ஒளி குன்றியிருப்பின், பரப்பு மிகச் சிறிதாதல் வேண்டும். ஞாயிற்றின் திணிவைப் புவியையொத்த ஓர் உருண்டைக்குள் அடக்கினால் அடர்த்தி என்னாகும்? 1916இல் எஸ்தோனியரான ஏர்ன்ஸ்ற் எபிக் இத்தகைய வேறொரு மீனுக்கு, ஞாயிற்றினும் 25,000 மடங்கு அடர்த்தி எனக் கணித்துவிட்டு, அது நடவாத காரியம் என்று தாமே ஒதுக்கிவிட்டார். விடை அவர் கையில் இருந்தது. ஏற்கும் துணிவுதான் இருக்கவில்லை. அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

துணிந்தவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஆதர் எடிங்டன். விண்மீனின் உள்ளே மிகுவெப்பத்தில் அணுக்கள் இலத்திரன்களை இழந்து சிதைந்து கிடக்கும். சிதைந்த அணுக்களை நெருக்கி அடுக்கலாம் என்றார் அவர். அதற்குச் சான்றும் வேண்டினார். ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கொள்கைப்படி, வலிய ஈர்ப்பைக் கடந்து வரும் ஒளி செந்நிறத்தின் பக்கம் சற்றுப் பெயரும். துணைமீன் உண்மையிலேயே அத்துணை அடர்ந்ததாயின் அப்பெயர்ச்சி செக்கனுக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகத்துக்கு ஈடாகும் என 1924இல் கணித்தார். அளந்து பார்க்குமாறு அடம்சைக் கேட்டார். 1925இல் அடம்ஸ் தந்த விடையும் ஏறத்தாழ 20. ஒரே அளவீட்டினால் சார்புக் கொள்கைக்கும் வெண்குறுமீனின் அடர்த்திக்கும் ஒருங்கே சான்று கிடைத்துவிட்டதென அறிவுலகம் மகிழ்ந்தது. 1928இல் லிக் அவதான நிலையத்து மூரும் அதனையொத்த பெறுமானத்தையே பெற்றார்.

அனைத்தும் பிழை. துணைமீனின் வெப்பநிலையை எடிங்டன் குறைவாகக் கொண்டமையால் அதன் ஆரை மிகுதியாகவும் ஈர்ப்பு குறைவாகவும் கணிக்கப்பட்டிருந்தன. அடம்சின் நிறமாலையிலோ பக்கத்திலிருந்த பெருமீனின் சிதறிய ஒளி கலந்து அளவைக் கெடுத்திருந்தது. 1971இல் கிறீன்ஸ்ரைன், ஓக், சிப்மன் ஆகியோர் வெளியிட்ட அளவீடு 89 என்றது. 2005இல் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி கொண்டு பெற்ற பெறுமானம் ஏறத்தாழ 80. அஃதாவது, முந்தையதினும் நான்கு மடங்கு. வெப்பநிலை 25,000 பாகை கெல்வின். ஆரை புவியின் ஆரையினும் சற்றே குறைவு. ஒரு கன சென்ரிமீற்றர் பொருளின் திணிவு இரண்டு தொன்னுக்கு மேல். எடிங்டன் கூறிய, நீரினும் ஐம்பதினாயிரம் மடங்குக்கு மேற்பட்ட அடர்த்தியே உலகை மலைக்கச் செய்தது. உண்மை அதனினும் பன்மடங்கு மலைப்பூட்டுவது.

அடம்ஸ் பொய்யுரைத்தார் என்று கூற எவ்விதச் சான்றும் இல்லை. அவர் நேர்மையான அவதானிப்பாளர். ஆயின் கலங்கிய பதிவுகளில் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் தீர்ப்பு அளப்பவனுடையது. எதிர்பார்க்கும் எண் எதுவென அவன் முன்கூட்டியே அறிந்திருக்கையில், அவ்வெண் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவது மனித இயல்பு. மூரின் பெறுமானமும் அவ்வாறே அமைந்தமை சுயேச்சையான உறுதிப்பாடு என்று கொள்ளத்தக்கதன்று. விந்தை யாதெனில், இப்பிழையான சான்று தாங்கிநின்ற இரு கொள்கைகளும் மெய்யானவை. சரியான முடிவு, தவறான சான்று. ஐம்பது ஆண்டுக்காலம் எவரும் வருந்தித் தேடாமைக்கு அதுவே காரணமாயிற்று எனலாம்.

அத்துணை அடர்ந்த பொருள் எவ்வாறு தன் எடையைத் தாங்கி நிற்கிறது என்பதை எடிங்டனால் விளக்க முடியவில்லை. 1926இல் ரால்ப் பௌலர், அந்நாளிற் புதிதாகத் தோன்றிய சக்திச் சொட்டுப் புள்ளியியலைக் கொண்டு விடை கண்டார்: நெருக்கப்பட்ட இலத்திரன்கள் ஒரே நிலையை இரண்டாவதாக ஏற்க மறுப்பதால் எழும் அமுக்கமே மீனைத் தாங்குகிறது, அவ்வமுக்கத்துக்கு வெப்பம் தேவையில்லை.

இவ்விடத்திலேயே தமிழர் ஒருவர் இவ்வரலாற்றினுட் புகுகிறார். சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1928இல் சென்னைக்கு வந்த சொமபெல்ட்டிடமிருந்து இப்புதிய பௌதிகத்தைப் பற்றி அறிந்தார். கட்டுரைப் போட்டி ஒன்றின் பரிசாக எடிங்டனின் நூலைப் பெற்றார். 1930 யூலை 31இல் பம்பாயிற் கப்பலேறியபோது அவருக்கு வயது பத்தொன்பது. கப்பலில் அவர் செய்த கணிப்பு பௌலரின் கொள்கையிற் சார்புக் கொள்கையைச் சேர்த்தது. விளைவு, வெண்குறுமீனின் திணிவுக்கு மேலெல்லை ஒன்று உண்டு என்பதாகும். இன்று கொள்ளப்படும் பெறுமானம் ஞாயிற்றின் திணிவினும் ஏறத்தாழ 1.4 மடங்கு. அண்டர்சனும் ஸ்ரோனரும் ஏறத்தாழ அதே காலத்தில் இத்தகைய எல்லையைக் கண்டிருந்தனர் என்பதையும் மறைத்தல் முறையன்று. எல்லையைக் கடந்த மீனுக்கு என்ன நேரும் என்ற வினாவை விடாது துரத்தியவர் சந்திரசேகரே.

1935 ஜனவரி 11இல் இலண்டன் அரச வானியற் கழகத்தில் அவர் தம் முடிவை எடுத்துரைத்தார். அடுத்து எழுந்த எடிங்டன், விண்மீன் ஒன்று இவ்வாறு பொருந்தாவகையில் ஒடுங்கிப்போவதை இயற்கை விதி தடுத்தேயாக வேண்டும் எனக் கூறி அதனை நகைப்புக்குள்ளாக்கினார். நம் மாணவர் நடுவே இந்நிகழ்ச்சி வெள்ளையர் ஒருவர் தமிழிளைஞரை நிறத்தால் ஒடுக்கிய கதையாகவே வழங்குகிறது. பேரரசின் தலைநகரில் நடந்ததாகலின் அவ்வையம் இயல்பே. ஆனால் சான்று அதனைத் தாங்கவில்லை. இருவரும் அதன் பின்னும் நட்பைப் பேணினர். 1982இல் எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் உரை நிகழ்த்திய சந்திரசேகர், அவரைத் தம் காலத்தின் தலைசிறந்த வானியற் பௌதிகராக மதிப்பிட்டார். என் நோக்கில் 1935இன் எடிங்டன், 1916இன் எபிக்கே. கணக்கு காட்டிய இடத்துக்குச் செல்ல மனம் ஒப்பவில்லை. வேறுபாடு, எபிக் தம்மை மட்டுமே தடுத்தார். எடிங்டனின் சொல்லுக்கோ ஒரு துறையையே தயங்கச் செய்யும் வலிமை இருந்தது. புதிய பௌதிகம் சந்திரசேகரின் பக்கமே என்பதைத் தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்ட அறிஞர் உளர். பலரறிய மறுத்துரைக்க முன்வரவில்லை. கண்டிக்கத்தக்கது ஏதேனும் உண்டெனில் அம்மௌனமே.

1937இல் சந்திரசேகர் அமெரிக்கா சென்று சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் யேர்க்ஸ் அவதான நிலையத்திற் பணியேற்றார். 1983இல் நோபல் பரிசு பெற்றார். யேர்க்சின் 40 அங்குல வில்லை, அன்று சிரியசின் துணையைக் கண்ட அதே அல்வன் கிரஹம் கிளாக்கின் பட்டறையில் உருவானது.

விடுபட்ட செந்நிறச் செய்திக்கு வருவோம். வெண்குறுமீன் என்பது முன்னர்ச் செம்பெருமீனாய் விரிந்து புறப்பகுதியை உதறிய மீனின் எஞ்சிய கரு என்பது தெளிவானதும், தொலமி கண்ட சிவப்பு அச்செம்பெருமீனின் நிறமே என்று சிலர் வாதிட்டனர். கவர்ச்சியான கருத்து. ஆயின் இன்றைய வெப்பநிலைக்குக் குளிர்ந்து வர அத்துணைக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு கோடி ஆண்டுகள் சென்றிருத்தல் வேண்டும். தொலமிக்கும் நமக்கும் இடைப்பட்டது இரண்டாயிரத்துக்கும் குறைவான ஆண்டே.

துணைமீன் 1994இல் பெருமீனை மிக நெருங்கிச் சென்றது. பின்னர் விலகி, 2020களின் முற்பகுதியில் ஏறத்தாழ 11 விகலை என்னும் உச்ச இடைவெளியை அடைந்தது. இனி 2044ஐ நோக்கி மெல்ல நெருங்கும். இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜில் சிரியஸ் தொடுவானுக்கு மேல் இருபது பாகையளவே உயர்கிறது. வளியின் கலக்கத்தில் அத்துணையைப் பிரித்தறிதல் அரிது. நம் வானில் அதன் மும்மடங்கு உயரும். ஓரளவு பெரிய தொலைகாட்டியும் காற்றசையாத மாசி இரவும் வாய்ப்பின், பெருமீனின் சுடருக்கு அப்பால் அச்சிறு புள்ளியைத் தேடிப் பார்க்கலாம்.